கோர்ட் விவாகரத்து கொடுத்தாச்சு, சர்ச்சில் மறுமணம் செய்யலாமா?

விவாகரத்தான கிறிஸ்தவர் மறுபடி கல்யாணம் செய்யலாமா என்ற கேள்வி எழுந்தாலே ஆளுக்கொரு வசனத்தோடு வந்துவிடுகிறோம். ஆனால் கோர்ட்டில் எந்த உத்தரவு வாங்க வேண்டும், பங்குத்தந்தையோ பாஸ்டரோ எதைக் கேட்பார் என்று சொல்பவர்கள் குறைவு. இரண்டும் தனித்தனி. ஒன்று கையில் இருப்பதால் இன்னொன்று தானாக வந்துவிடாது, பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

முதலில் சட்டம். இந்தியாவில் கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம்தான் இன்னமும் நடப்பில் இருக்கிறது. 2001 வரை அது பெண்களுக்கு அப்பட்டமான அநியாயம். மனைவியின் விபசாரத்தை நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவி கேட்டால் விபசாரத்தோடு கொடுமை, இரண்டு வருஷம் கைவிட்டது போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும் என்ற இழுவை வேறு. 2001 திருத்தத்தில் இதெல்லாம் போய்விட்டது. இப்போது விபசாரம், கொடுமை, குறைந்தது இரண்டு வருஷம் கைவிட்டுப் போனது, ஏழு வருஷமாக ஆள் உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாதது, மதம் மாறியது என எந்தக் காரணமானாலும் இருவருக்கும் பொது, ஒன்றை நிரூபித்தாலே போதும்.

இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியும் (பிரிவு 10ஏ) அப்போது வந்ததுதான். இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மற்றவர்களுக்கு ஒரு வருஷம், நமக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் அதை ஒரு வருஷமாகக் குறைத்தது, 2022-ல் அந்த ஒரு வருஷக் கட்டாயமும் செல்லாது என்றது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் வக்கீலிடம் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மனு போட்டபின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி கோர்ட்டில் கேட்க வேண்டும் என்பது தனி.

தீர்ப்பு வந்த மறுநாளே மண்டபம் பார்க்கப் போகக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும், மேல்முறையீடு போயிருந்தால் அது தள்ளுபடியாகியிருக்க வேண்டும். அதன்பிறகு மறுமணத்துக்குச் சட்டத்தில் தடையில்லை.

இனி சபை. கத்தோலிக்கர்கள் வாங்குவது விவாகரத்து அல்ல, மறைமாவட்டத் தீர்ப்பாயத்தின் (திருச்சபையின் சொந்த நீதிமன்றம்) 'இந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது' என்ற தீர்ப்பு. முறையாக நடந்து, தாம்பத்திய உறவால் நிறைவுபெற்ற கிறிஸ்தவத் திருமணத்தைச் சாவு தவிர வேறெதுவும் பிரிக்காது என்பது அவர்கள் சட்டம். ஆகவே கல்யாணத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்பதைவிட, சம்மதம் சொன்ன அன்றைக்கு அது உண்மையான சம்மதமா என்றுதான் துருவுவார்கள்: மிரட்டிக் கட்டிவைத்தார்களா, பெரிய விஷயம் எதையாவது மறைத்தார்களா, பிள்ளையே வேண்டாம் என்று மனதில் முடிவோடு வந்தாரா, திருமணப் பொறுப்பை ஏற்கும் மனநிலை இருந்ததா. முன்பு ஒரே முடிவை இரண்டு தீர்ப்பாயங்கள் சொல்ல வேண்டும். 2015-ல் போப் பிரான்சிஸ் அதை எடுத்துவிட்டார், ஒரு தீர்ப்பு போதும். திருமணம் செல்லாது என்றால் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களோ என்ற பயத்திலேயே மனு போடாமல் இருப்பவர்கள் உண்டு. ஆக மாட்டார்கள், திருச்சபைச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. அதேபோல, கோர்ட்டில் விவாகரத்து வாங்கியதால் மட்டும் ஒருவர் நற்கருணை (பூசையில் தரும் புனித அப்பம்) வாங்க முடியாமல் போவதில்லை. திருச்சபைத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்யும்போதுதான் சிக்கல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தீர்ப்பாயத் தாளை மட்டும் நம்பி, கோர்ட்டுக்கே போகாமல், சர்ச்சில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து மறுமணம் செய்தால் சட்டத்தின் கண்ணில் முதல் கல்யாணம் அப்படியே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996-லும் 2017-லும் இதைச் சொல்லிவிட்டது, திருச்சபைத் தீர்ப்பு கோர்ட் உத்தரவுக்கு ஈடாகாது. முதல் கணவரோ மனைவியோ புகார் கொடுத்தால் இருதார வழக்கு, ஏழு வருஷம் வரை சிறை. பிற்பாடு சொத்து என்று வரும்போது இரண்டாவது துணைக்குச் சட்டப்படி நிற்க இடமே இருக்காது. அதனால் முதலில் கோர்ட், பிறகு தீர்ப்பாயம் என்று போவதே நல்லது.

புராட்டஸ்டன்ட் பக்கம் ஒரே விதி கிடையாது. மத்தேயு 19:9 விபசாரத்துக்கு விலக்கு தருகிறது, மாற்கு 10-லும் லூக்கா 16-லும் அந்த விலக்கு இல்லை, 1 கொரிந்தியர் 7:15 அவிசுவாசியான துணை பிரிந்துபோனால் மற்றவர் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. மத்தேயுவையும் கொரிந்தியர் நிருபத்தை எழுதிய பவுலையும் சேர்த்து வாசித்து, விபசாரம், கைவிடுதல் என்ற இரண்டு காரணங்களை 1640-களிலேயே இங்கிலாந்தில் எழுதப்பட்ட புராட்டஸ்டன்ட் கொள்கை ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை ஏற்றது. மாற்குவைப் பிடித்துக்கொள்பவர்கள் துணை உயிரோடு இருக்கும்வரை மறுமணமே கூடாது என்பார்கள். அடி, உதை பற்றி இந்த வசனங்களில் நேரடியாக எதுவும் இல்லை, அதைக் காட்டியே அடிவாங்குகிற பெண்ணைத் திருப்பி அனுப்புவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத விஷயம். பிரிந்திருப்பது ஒரு கேள்வி, மறுமணம் வேறு கேள்வி. மறுமணமே கூடாது என்கிற கத்தோலிக்கச் சட்டம்கூட ஆபத்து இருந்தால் பிரிந்து வாழ அனுமதிக்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகளோ பலவீனத்துக்கு இரங்கி, மனவருத்த ஜெபங்கள் கொண்ட எளிய சடங்கோடு இரண்டாம், மூன்றாம் திருமணம் வரை அனுமதிப்பதுண்டு.

பாஸ்டர் நடத்திவைக்க மறுத்தால் கோர்ட் உத்தரவைக் காட்டி அவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு அலுவலகத்தில் மணமுடிக்கலாம், அது முழுமையாகச் செல்லும். சபையில் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் தேதி குறிப்பதற்கு முன்பே பங்குத்தந்தையிடமோ பாஸ்டரிடமோ நேரில் கேட்டுவிடுங்கள்.