எந்த ஆலிவ் எண்ணெய் இதயத்துக்கு உதவும்?

இதய அடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள், கடலூரில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும்போது, இனி வீட்டில் ஆலிவ் எண்ணெய்தான் என்று முடிவு செய்துவிட்டே வருகிறார்கள். முடிவில் தவறில்லை. எந்த வகையை வாங்கினார்கள், அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. அண்மையில் ஓர் அம்மா, கணவருக்காக வாங்கிய பெரிய டின்னைக் கையோடு எடுத்து வந்திருந்தார். முன்பக்கம் இலையும் காயுமாக ஆலிவ் கிளைப் படம்; அதன் கீழே சிறிய எழுத்தில் 'ஆலிவ் போமஸ் ஆயில்' என்றிருந்தது. அதில்தான் வாரம் இரண்டு முறை மீன் வறுத்துக்கொண்டிருந்தார்.

பழத்தை அரைத்து, வெப்பமோ ரசாயனமோ சேர்க்காமல் பிரித்தெடுக்கும் எண்ணெய்தான் எக்ஸ்ட்ரா வெர்ஜின். கட்டற்ற கொழுப்பு அமிலம், அதாவது கொழுப்பு சிதைந்து பிரியும் அமிலம், அதில் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுவையிலும் மணத்திலும் குறை இருக்கக் கூடாது. அமிலம் 2 சதவீதம் வரையும் சுவையில் சிறு குறையும் இருந்தால் அது வெர்ஜின். குறை மிகுந்த எண்ணெயைச் சுத்திகரித்து, அதில் கொஞ்சம் வெர்ஜினைக் கலந்தால் வெறும் 'ஆலிவ் ஆயில்' என்ற பெயரில் விற்பனைக்கு வரும். 'லைட்' என்பது நிறமும் மணமும் குறைந்தது என்பதையே குறிக்கும். கலோரியில் எந்த வேறுபாடும் இல்லை. எல்லா எண்ணெயையும் போலவே கிராமுக்கு 9 கலோரிதான். போமஸ் என்பது, எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்து, சுத்திகரித்து, சிறிது வெர்ஜின் சேர்த்தது. அதில் தீங்கு இல்லை; ஆனால் மக்கள் எதை நம்பி அவ்வளவு விலை கொடுக்கிறார்களோ அந்தப் பாலிபீனால்கள், அதாவது ஆலிவ் பழத்தில் இயல்பாக உள்ள, உடலுக்கு நன்மை தரும் பொருள்கள், அதில் மிகக் குறைவு.

எக்ஸ்ட்ரா வெர்ஜினை ஒரு தேக்கரண்டி அப்படியே விழுங்கினால் தொண்டையில் ஒரு காறல் தெரியும். அதற்குக் காரணம் ஓலியோகாந்தால் என்ற பொருள். வீக்கத்தைத் தணிக்கும் இயல்பு அதற்கு உண்டு என்று 2005இல் கண்டறிந்தார்கள். ஸ்பெயினில் இதய நோய் அபாயம் அதிகமுள்ள சுமார் 7,400 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில், இந்த எண்ணெயோடு மத்தியதரைக் கடல் பகுதி உணவை உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. 2013இல் வெளியான அந்த ஆய்வு, முறைக் குறைகள் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் மறுபகுப்பாய்வுடன் மீண்டும் வெளியானபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. அவர்கள் காய்கறி, பருப்பு வகைகள், மீன் ஆகியவற்றோடுதான் அந்த எண்ணெயை உண்டார்கள் என்பதை நான் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்திச் சொல்கிறேன். வனஸ்பதி, பாமாயில், நெய் போன்றவற்றுக்குப் பதிலாகச் சேர்த்தால்தான் பலன். இருக்கும் எண்ணெயோடு கூடுதலாக ஊற்றினால் எடைதான் ஏறும்.

வறுவலுக்கு இந்த எண்ணெய் தேவையில்லை. மிதமான சூட்டில் தாளிப்பதை எக்ஸ்ட்ரா வெர்ஜின் தாங்கும், விஷமாக மாறிவிடாது. ஆனால் நீண்ட நேரம் சூடேறினால் அதன் பாலிபீனால்கள் குறைந்துவிடும். அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: மத்தியையும் கானாங்கெளுத்தியையும் குழம்பாக வையுங்கள், வறுத்தே ஆக வேண்டுமானால் தோசைக்கல்லில் கொஞ்சம் கடலை எண்ணெய் போதும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் விளையும் வேர்க்கடலையின் எண்ணெயிலும் ஆலிவில் உள்ள அதே ஒலியிக் அமிலம் என்ற நல்ல கொழுப்பு கணிசமாக இருக்கிறது. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயை மாற்றச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. சுண்டல், வெள்ளரிப் பச்சடி, வேகவைத்த காய்கறி ஆகியவற்றின் மேல் எக்ஸ்ட்ரா வெர்ஜினை ஒன்றிரண்டு தேக்கரண்டி ஊற்றிச் சாப்பிடலாம்.

வாங்கும்போது அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில், கால் அல்லது அரை லிட்டராக வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு, அடுப்பின் பக்கத்தில் வைத்தால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக் கடையில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று எழுதி விற்கும் சிறு புட்டியைச் சமையலில் சேர்க்கவே கூடாது. ஆலிவ் எண்ணெய் தோலின் பாதுகாப்பு அடுக்கைப் பலவீனப்படுத்தும் என்பதால், பச்சிளங் குழந்தைகளுக்கு, அதிலும் தோல் அரிப்பு உள்ளவர்களுக்கு, அதைத் தடவுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

எண்ணெயை மாற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் கொழுப்புக்கான மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்க்கிறேன். மருத்துவர் சொல்லாமல் அதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.