கச்சேரியா, களரியா?

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து ஒரு ரொக் இசைக்குழு நடத்துகிறார்கள். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பதிவு செய்வது எல்லாம் அவர்களே. முதல் அல்பம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் கல்லடிப் பக்கம் மேடை. நோட்டீசைக் கொண்டுவந்து பிழை பார்க்கச் சொன்னார்கள். "புதிய அல்பம் வெளியீடும் லைவ் கச்சேரியும்" என்று இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியப்பா அதை வாங்கி வாசித்துவிட்டு, "என்ன மனே, கச்சேரிக்குள்ள பாட்டுப் படிக்க விடுவாங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழை இல்லை. மட்டக்களப்பில் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம். பெயர்ப்பலகை மாவட்டச் செயலகம் என்று மாறிய பிறகும் பெரியவர்கள் "கச்சேரிக்குப் போயிட்டு வாறன்" என்றுதான் சொல்கிறார்கள். அது நெடுங்காலம் இயங்கியது புளியந்தீவுக் கோட்டைக்குள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த அதே கோட்டைதான். யாழ்ப்பாணத்தில் கச்சேரி-நல்லூர் வீதி என்று ஒரு வீதியே இருக்கிறது. சிங்களத்திலும் அந்த அலுவலகம் 'கச்சேரிய'தான்.

சொல்லின் ஊர் வடக்கு. இந்துஸ்தானியில் 'கச்சஹரி' என்றால் நீதிமன்றம், அரச அலுவல் நடக்கும் இடம். அங்கிருந்து அது தெற்கே பரவியது. கன்னடத்தில் இன்றும் 'கச்சேரி' அலுவலகத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டிலும் தாலுகா கச்சேரி, போலீஸ் கச்சேரி என்றெல்லாம் வழங்கிய காலம் உண்டு. சென்னை மயிலாப்பூரின் கச்சேரி சாலை அந்தக் காலத்தின் மிச்சம்.

அப்புறம் அது பாட்டுக்கு எப்படிப் போனது? 'அவை கூடுதல்' என்ற பொருள்தான் பாலம் என்று நினைக்கிறேன். அதிகாரி முன்னால் கூடினாலும் அவை, வித்துவான் முன்னால் கூடினாலும் அவை. தமிழ்நாட்டில் பாட்டுக் கச்சேரி நிலைத்து அலுவலகக் கச்சேரி தேய்ந்தது. இலங்கையில் அலுவலகமே சொல்லைப் பிடித்துக்கொண்டது. கர்நாடக இசை படிப்பவர்கள் இங்கும் அதைப் பாட்டுக்குச் சொல்வார்கள்.

நோட்டீசில் இருந்த அல்பமும் ஒரு வகையில் அலுவலகச் சொல்தான். லத்தீனில் 'அல்பஸ்' வெள்ளை. உரோமர் அரச அறிவித்தல்களை எழுதி வைத்த வெள்ளைப் பலகை 'அல்பம்'. பிறகு அது வெற்றுத்தாள் புத்தகத்துக்கும் படம் ஒட்டும் புத்தகத்துக்கும் பெயரானது. ஒரு பக்கத்தில் சில நிமிடமே ஓடிய பழைய இசைத்தட்டுகளைப் புத்தகம் போன்ற உறைக்குள் அடுக்கி விற்றபோது அதற்கும் அந்தப் பெயரே வந்தது. 1948இல் நெடுநேரம் ஓடும் தட்டு வந்து எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழில் 'பாடற்கோவை' எனக்குப் பிடிக்கும். சுயவிபரக்கோவையில் நாம் நாள்தோறும் பழகுகிற கோவைதான். 'இசைக்கோவை' என்றால் இசையமைப்பு என்று மயங்க இடமுண்டு, அதனால் 'பாடல்' வேண்டும்.

'லைவ்' என்பதற்கு 'நேரலை' போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒளிபரப்புக்கு உரியது. ஆட்கள் நேரே நின்று கேட்கும் இடத்தில் அலை எதற்கு? 'நேரடி' போதும்.

சரி, கச்சேரிக்கு வருவோம். 'இசை நிகழ்ச்சி' பிழையில்லை, ஆனால் பரிசளிப்பு விழாவின் மூன்றாவது அம்சம் போல ஒலிக்கிறது. 'இசையரங்கு' நல்ல சொல். அரங்குக்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவே சொல்கிறது. அது நீளமும் அகலமும் உள்ள மேடை, திரை உள்ள மேடை. சபை எதிரே அமர்ந்திருக்கும்.

எங்கள் மண்ணில் இன்னொரு சொல் இருக்கிறது: களரி. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடும் இடம். மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு அலங்கரித்து, நடுவில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பார்கள். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். சனம் நாலாபக்கமும் இருந்து விடியவிடியப் பார்க்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனபோது மிகப் பெரிய மாற்றமாக இருந்தது இந்த வட்டத்தை விட்டதுதான். களரி, களம் என்ற சொல்லின் உறவு. போர்க்களம், ஆடுகளம், சூடு மிதிக்கும் நெற்களம் எல்லாம் ஒரே குடும்பம். எதுவும் சும்மா அமர்ந்திருக்கும் இடமில்லை. வியர்வை சிந்தும் இடம்.

ரொக் இசை நடக்கும் விதமும் அதுதானே. ட்ரம்ஸ் மத்தளத்தின் இடத்தில் நின்று எல்லாரையும் இழுக்கிறது. பாடுகிறவர் நிற்கிறார், துள்ளுகிறார். கேட்கிறவர்கள் பிற்பாட்டுப் போல வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள். இதற்குக் கச்சேரியை விட 'இசைக்களரி' எவ்வளவோ பொருந்தும். களரி என்றதும் கேரளத்துக் களரிப்பயிற்று நினைவுக்கு வருமே என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. முன்னால் 'இசை' சேர்ந்தால் அந்த மயக்கம் போய்விடும்.

கூத்தில் இருந்து எடுக்க இன்னும் இருக்கிறது. ஒத்திகையை எங்கள் அண்ணாவிமார் 'அடுக்குப் பார்த்தல்' என்பார்கள். எவ்வளவு அழகான சொல்! ஒவ்வொரு நாளும் பின்னேரம் ரிகர்சல் என்று ஓடுகிற இந்தப் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கொடுத்தேன்.

நோட்டீஸ் திருத்தி வந்தது. அல்பம் அப்படியே இருக்கிறது. இணையத்தில் தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார்கள் என்றார்கள். கச்சேரியை வெட்டி 'நேரடி இசைக்களரி' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ட்ரம்சை நடுவில் வைத்துச் சனத்தைச் சுற்றிவர நிற்கவிட இடம் போதுமா என்று இப்போது மைதானத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள்.