கல்லாங்குத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீர்

மதுரை வட்டாரக் குன்றுகள் பலவும் வருவாய்ப் பதிவேட்டில் 'கல்லாங்குத்து', 'பாறைப் புறம்போக்கு' என்றுதான் இருக்கும். படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? மொட்டைக் கல், வெட்டினால் யாருக்கு நஷ்டம்? நிலத்தடி நீர் பார்க்கிற தொழிலில் இருக்கும் எனக்கு அந்தச் சொல்லே எரிச்சல்.

மழையில் ஒரு குன்றடியில் நின்று பாருங்கள். வெறும் பாறை, விழுந்த மழையில் பெரும்பகுதியை வழித்து அடிவாரத்துக்கு அனுப்பிவிடும். கொஞ்சம் சுனைகளில் தங்கும். அடிவாரச் சரளையில் இறங்குவது பாறை வெடிப்புகள் வழியே கிணறுகளுக்குப் போகும். மிச்சம் வரத்துக்கால் பிடித்துக் கண்மாய்க்கு. கடும்பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் தங்குவது மக்கிப்போன மேற்பாறையிலும் அந்த வெடிப்புகளிலும்தான்.

ஒருமுறை ஒரு குவாரிக் குழியில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. "எவ்வளவு தண்ணி பாருங்க சார், ஊருக்கு நல்லதுதானே" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். குழிச் சுவரில் ஒரு வெடிப்பு கசிந்துகொண்டிருந்தது, அதன் வாயில் பாசி. அந்தக் கசிவு சுற்றுவட்டக் கிணறுகளுக்குப் போயிருக்க வேண்டியது. குழியை ஆழப்படுத்தும்போது மோட்டார் வைத்து அதை வெளியே இறைப்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கடன் வாங்கி போர்வெல்லை இன்னும் நூறடி இறக்குவார்.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை எல்லோருக்கும் தெரியும். அங்கும் மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஏழு குன்றுகள் 72 ஏரிகளுக்கும் 200 ஊற்றுகளுக்கும் நீர் தருவதாக அரசே சொன்னது. சரி, காப்பாற்றியாயிற்று என்று நினைத்தோம். 2024 நவம்பரில் அதையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேல், டங்ஸ்டன் என்ற உலோகத்துக்கான சுரங்க ஏலத்தில் போனது! மேலூர்ப் பக்கத்து மக்கள் வீதிக்கு வந்த பிறகுதான், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது.

சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கைக்குப் பொதுவாக மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில்தான் கள விவரம் எடுப்பார்கள். குன்று வேலை செய்யும் நேரத்தில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பரிலிருந்து டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை என்றாகிவிட்டது.

அதனால் உங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை, அதாவது ஊரின் உயிரினங்களையும் இயற்கை வளங்களையும் குறித்து வைக்கும் ஏட்டை, எடுத்துப் பாருங்கள். செடி, பறவைப் பெயர்களோடு நிறுத்தாமல், எந்தச் சுனை எந்த மாதம் வரை வற்றாது, வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று தேதியோடு ஏற்றுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் வசதி, சுனை நிறைவதையே படம் எடுத்துவிடலாம்.