டிரைவுக்கு ஃபில்டர் எப்போது கட்டாயம்?

மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வாங்கும்போது, அது கிளப்பும் மின் இரைச்சலை அடக்க ‘ஃபில்டரும் வேண்டுமா?’ என்று கேட்டால், பெரும்பாலும் மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். விதிமுறையோ முதலில் வேறொன்றைக் கேட்கிறது: மின்சாரம் எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது?

இதற்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி 61800-3. வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்த லைனிலேயே, இடையில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இணைந்திருக்கும் இடமெல்லாம் அதன் கணக்கில் ‘முதல் சூழல்’. சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் ஆலை ‘இரண்டாம் சூழல்’. அதனால் அடுக்குமாடிக் கட்டடத்தின் சின்ன பம்ப் டிரைவுக்குக் கெடுபிடி அதிகம், ஆலைக்குள் இருக்கும் பெரிய டிரைவுக்குக் கொஞ்சம் தளர்வு.

டிரைவ்கள் நான்கு வகை. சி1, முதல் சூழலில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். சி2வும் முதல் சூழலுக்கு ஆகும், ஆனால் இ.எம்.சி (மின்காந்த இணக்கம், அதாவது கருவிகள் ஒன்றையொன்று இரைச்சலால் தொந்தரவு செய்யாமல் இருப்பது) தெரிந்த தொழில்முறை ஆள்தான் நிறுவ வேண்டும். சி3 ஆலைக்கு மட்டும். 1000 வோல்ட் அல்லது 400 ஆம்பியர், அதற்கு மேல், அல்லது சிக்கலான அமைப்பு என்றால் சி4. சி4இல் இரைச்சலை வரம்புக்குள் கொண்டுவர முடியாவிட்டால், பயனரும் தயாரிப்பாளரும் சேர்ந்து ஓர் இ.எம்.சி திட்டம் எழுதி ஒப்புக்கொள்ளலாம்.

சப்ளை லைனுக்குள் டிரைவ் திருப்பி அனுப்பும் ரேடியோ அலைவரிசை இரைச்சல் 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கப்படுகிறது. அரை முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் சி1க்கு வரம்பு 56 டெசிபல்-மைக்ரோவோல்ட், சி2க்கு 73, நூறு ஆம்பியர் வரையிலான சி3க்கு 86. சி1க்கும் சி3க்கும் இடையே மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 30 மடங்கு வித்தியாசம்! ஆனாலும் சி3க்கும் வரம்பு உண்டு என்பதைக் கவனியுங்கள். ‘ஆலைதானே, ஃபில்டரே வேண்டாம்’ என்பது தவறான பேச்சு. பல டிரைவ்களில் ஃபில்டர் உள்ளேயே வருகிறது. அது எந்த வகைக்கு, மோட்டார் கேபிள் எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று கையேட்டில் இருக்கும். கேபிள் அதைவிட நீண்டால் அந்த உத்தரவாதம் போய்விடும்.

தரம் என்பது தானாகச் சட்டமாகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014/30 எண்ணுள்ள இ.எம்.சி ஆணைதான் சட்டம். அதற்கு இணங்கியதாகக் காட்டும் வழக்கமான வழி இந்தத் தரம்.

சரி, ஹார்மோனிக்ஸ், அதாவது லைன் அலைவரிசையின் மடங்குகளில் வரும் மின்னோட்டச் சிதைவு? அது தனி விஷயம், தனி ஃபில்டர். ரேடியோ இரைச்சலுக்கான ஃபில்டரைப் போட்டால் ஹார்மோனிக்ஸ் துளியும் குறையாது. டிரைவுக்குள் ஏ.சியை டி.சியாக்கும் சாதாரண ஆறு-பல்ஸ் ரெக்டிஃபையர் 5, 7, 11, 13ஆம் ஹார்மோனிக்குகளை இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் லைனில் முதல் இரண்டும் 250, 350 ஹெர்ட்ஸ். ஹார்மோனிக்ஸுக்கான தரமான ஐ.இ.இ.இ 519 இதைத் தனி டிரைவில் பார்ப்பதில்லை, மின்வாரியத்தோடு இணையும் இடத்தில் மொத்த ஆலைக்கும் சேர்த்துப் பார்க்கிறது. அங்கே குறுக்குச்சுற்று மின்னோட்டத்துக்கும் ஆலையின் உச்சச் சுமை மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் 20க்குக் கீழ் என்றால் மின்னோட்டச் சிதைவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விகிதம் 1000ஐத் தாண்டினால் 20 சதவீதம் வரை விடலாம்.

ஆக, அந்த விகிதம் பெரிதாக உள்ள பலமான சப்ளையில் மொத்தச் சுமையில் சிறு பங்குதான் டிரைவ் என்றால் லைன் சோக் (சப்ளையோடு தொடராகப் போடும் சுருள்) ஒன்றே பெரும்பாலும் போதும். சுமையில் பெரும்பகுதி டிரைவ்கள்தான் என்றாலோ, ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தாலோ கணக்குப் போடாமல் இருக்காதீர்கள். ஜெனரேட்டரின் உள் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) அதிகம், அதே மின்னோட்டம் அங்கே மின்னழுத்தத்தை இன்னும் அதிகமாகக் கெடுக்கும். அப்போது பாசிவ் (சுருளும் கெப்பாசிட்டரும் கொண்டது) அல்லது ஆக்டிவ் (எதிர் மின்னோட்டம் செலுத்திச் சிதைவை ரத்து செய்வது) ஹார்மோனிக் ஃபில்டரைப் பற்றி யோசிக்கலாம்.

ரேடியோ இரைச்சல் ஃபில்டர் போடுவதே சிக்கலாகும் இடங்களும் உண்டு. எர்த் செய்யப்படாத ஐ.டி சப்ளையில் ஃபில்டரின் எர்த் கெப்பாசிட்டர்களைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த லைனுக்கென்றே செய்த ஃபில்டர் வேண்டும். எர்த் கம்பியில் ஓடும் கசிவு மின்னோட்டம் 3.5 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பாதுகாப்பு எர்த் கம்பி குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்க வேண்டும், அல்லது இரண்டாவது எர்த் கம்பி ஓட்ட வேண்டும்.

அப்புறம் பேனல் வேலை. ஃபில்டருக்கு உள்ளே போகும் கம்பியையும் வெளியே வரும் கம்பியையும் ஒரே டக்டில் சேர்த்துக் கட்டினால் இரைச்சல் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பெயின்ட் அடித்த தகட்டின் மேல் ஃபில்டரை முடுக்கினாலும் பலன் பாதிதான். அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் படும்படி முடுக்குங்கள்.