ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? கதவில் ஒட்டிய காகிதத்தையும் படிக்கப் பழகுங்கள்

வேலைக்கென்று போன முதல் நாட்டில் மூன்றாவது வாரம். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எனக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. தேதி மாதிரி இரண்டு எண்கள், கீழே ஒரு முத்திரை. ஏதோ விளம்பரம் என்று கிழித்துப் பையில் திணித்துக்கொண்டேன். மறுநாள் காலை தலை முழுக்க ஷாம்பு நுரையோடு நிற்கிறேன், குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு அப்படியே வகுப்புக்கு ஓடினேன். மதியம் அந்தக் காகிதத்தை ஒரு மாணவியிடம் காட்டினேன். பன்னிரண்டு வயதிருக்கும், ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. படித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், நோ வாட்டர். டூ டேஸ்" என்றாள்.

இப்போது, வெளிநாடுகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களைத் தயார்ப்படுத்துவதுதான் என் வேலை. அவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் வகுப்பைப் பற்றியே இருக்கும். நாற்பது குழந்தைகளை எப்படிச் சமாளிப்பது, என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களா, இலக்கணத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது. நியாயமான பயம்தான். ஆனால் பாதியில் திரும்பி வந்தவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். பாடம் நடத்தத் தெரியாமல் வந்தவர் அபூர்வம். காகிதமோ வீடோ தனிமையோதான் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

காகிதத்தில் தொடங்குகிறேன். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள்; அதாவது, அதிலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவைதான் என்று அரசு தருகிற சான்று. 1961இல் ஏற்பட்ட ஹேக் உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடுகளுக்குள் பொதுவாக இந்த ஒரு முத்திரை போதும். சீனாவிலும் 2023 நவம்பர் 7 முதல் பொதுவாக இதுதான் நடைமுறை, சில நாடுகளின் சான்றிதழ்களுக்கு மட்டும் இது பொருந்தாது. உறுப்பில்லாத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பம் வரை அலைய வேண்டும். சான்றிதழை எந்த நாடு கொடுத்ததோ அந்த நாட்டில்தான் இந்த முத்திரை கிடைக்கும் என்பது பலருக்கு விமானம் ஏறிய பிறகுதான் தெரிகிறது. அங்கிருந்துகொண்டு, பட்டத்தின் மூலப் பிரதியைக் கூரியரில் அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். காவல்துறை நன்னடத்தைச் சான்று எப்போதோ வாங்கிவைத்ததாக இருக்கக் கூடாது, சில மாதங்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆகவே அதைக் கடைசியில் வாங்குங்கள்.

அப்புறம், "நேட்டிவ் ஸ்பீக்கர்", அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் வேண்டும் என்கிற விவகாரம். விளம்பரத்தில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் மனம் சுருங்கிப்போகிறது. சில இடங்களில் இது பள்ளியின் விருப்பம் மட்டுமே, பேசிப் பார்க்கலாம். சில இடங்களில் சட்டமே அப்படி. தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா, ஆங்கிலத்துக்குப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்குத்தான். ஜப்பானில் பள்ளியில் கற்பிப்பதற்கான விசாவுக்கு, கற்பிக்கிற மொழியிலேயே பொதுவாக 12 ஆண்டுகள் படித்த சான்று கேட்கிறார்கள். ஆங்கிலவழியில் படித்தவர்கள் பள்ளியிலிருந்து அதற்கொரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் கதவு திறக்கலாம். "சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாட்டினால் நாடுகடத்தப்படுவதும் மறுபடி நுழையத் தடை வாங்குவதும் நீங்கள்தான், அவர்கள் இல்லை.

ஒப்பந்தத்தில் எல்லோரும் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது நேரத்தை. "வாரம் 25 மணி நேரம்" என்று எழுதியிருந்தால், அது கற்பிக்கும் நேரமா, பள்ளியில் இருக்க வேண்டிய நேரமா? ஒரு "மணி நேரம்" என்பது அறுபது நிமிடமா, நாற்பதா? நாற்பது நிமிட வகுப்புகளாக எண்ணினால், அதே 25 மணி நேரத்துக்கு முப்பத்தேழு வகுப்பு வரை ஏறிவிடும். ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் இருந்தால் எந்தப் பிரதி செல்லும் என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் உள்ளூர் மொழிப் பிரதிதான். வேறு யாரையாவது வைத்து அதைப் படிக்கச் சொல்லுங்கள், வேலைக்கு எடுத்தவரை வைத்து அல்ல. தென்கொரியாவில் ஓராண்டு முழுதாக வேலை பார்த்தால் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். பதினோராவது மாதம் கோபித்துக்கொண்டு கிளம்பினால் அது போச்சு. ஜப்பானில் வேறு மாதிரி: குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால் முதல் வருடம் கையில் நிறையவே நிற்கும், அடுத்த ஆண்டு ஜூனில் பிடித்தம் தொடங்கும். சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

போய் இறங்கியதும் முகவரிப் பதிவு. சீனாவில் 24 மணி நேரத்துக்குள், ஜப்பானில் குடிபுகுந்த 14 நாளுக்குள். பள்ளியே செய்துவிடும் என்று சும்மா இருக்காதீர்கள். பாஸ்போர்ட்டை "பாதுகாப்பாக வைத்துக்கொள்கிறோம்" என்று கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள். பள்ளி கொடுக்கும் வீடு வசதிதான், ஆனால் வேலை போகும் அன்றைக்கு வீடும் போகும், விசாவும் ஆட்டம் காணும். இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள். இதற்கு மேல் பண விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வந்தது வேறு. எந்தத் தொழிலில் வெளிநாடு போனாலும் உள்ளூர் மொழி இல்லாமல் திண்டாடிக் கற்றுக்கொள்வீர்கள். சமையல்காரர் கற்றுக்கொள்கிறார், கொத்தனார் கற்றுக்கொள்கிறார். ஆங்கில ஆசிரியருக்கு மட்டும் அந்த நெருக்கடி வருவதே இல்லை. பள்ளியில் உள்ளூர் மொழியில் பேசாதே என்று விதியே இருக்கும். மாணவர்கள், சக ஆசிரியர்கள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் உங்களிடம் ஆங்கிலம் பழகிப் பார்க்க வருவார்கள். நன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மருந்துக் கடையில், வலி வயிற்றிலா நெஞ்சிலா என்று சொல்லத் தெரியாமல் கையால் தொட்டுக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். சோறு போடுகிற மொழியே சுவராகவும் நின்றுவிடும்.

இன்னொன்றும் நடக்கும், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: நம் ஆங்கிலமே தேயும். நாள் முழுக்க ஆரம்ப நிலை மாணவர்களிடம் சின்னச் சின்ன வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திப் பேசிப் பேசி, நண்பர்களிடமும் அப்படியே வந்துவிடுகிறது. வீட்டுக்குப் போன் பேசும்போது, "என்ன, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பேசுகிறாய்?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

கலாச்சார அதிர்ச்சி என்ற சொல்லைப் பரவலாக்கிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க், 1960இல் எழுதிய கட்டுரையில் அதன் அறிகுறிகளை ஒரு பட்டியலாகவே போட்டிருக்கிறார். அடிக்கடி கை கழுவுவது, குடிநீர் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவது, சின்னத் தாமதத்துக்கெல்லாம் எரிந்து விழுவது. அந்தப் பட்டியலில், போன நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்ளாமல் தள்ளிப்போடுவதும் ஒன்று. முதன்முதலாக அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் அறிகுறிதான் போலிருக்கிறது.

முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு மெல்ல மீட்சி என்று ஒரு வளைவை எல்லாப் பயிற்சிக் கையேடுகளும் வரைந்து காட்டும். 1955இல் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டவர் 200 பேரை வைத்துச் சொன்னது அது. ஆனால் நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களைப் பற்றி 1998இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களுக்கு ஆரம்ப நாட்களே மிகக் கடினமாக இருந்தது தெரியவந்தது. எனவே முதல் வாரமே அழுகை வந்தால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால், பழகிவிடும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். காப்பீட்டில் மனநல ஆலோசனை உண்டா என்று ஒப்பந்தம் போடும்போதே கேட்டுவிடலாம்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் கொடுக்கிற முதல் வீட்டுப்பாடம், போகிற நாட்டின் எழுத்துகளைக் கிளம்பும் முன் படிக்கக் கற்பது. பேச வராவிட்டாலும் பரவாயில்லை. கொரிய எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24தான், நாலைந்து மாலையில் பிடித்துவிடலாம். சீன எழுத்து அப்படி இல்லை, அங்கே தண்ணீர், மின்சாரம், மூடப்பட்டுள்ளது, அவசரம் போன்ற இருபது சொற்களை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். இரண்டாவது பாடம், வாரத்தில் ஒரு மாலையாவது உங்களிடம் ஆங்கிலம் எதிர்பார்க்காத ஆட்களோடு கழிப்பது. விளையாட்டோ பாட்டோ எதுவானாலும் சரி, நீங்கள் அங்கே டீச்சர் இல்லை என்பதுதான் முக்கியம்.

அந்த மாணவியிடம் அன்றைக்கே கேட்டேன், உங்கள் மொழியில் தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள் என்று. சொன்னாள். நான் திருப்பிச் சொன்னதும் முகத்தைச் சுளித்தாள். மறுபடி சொன்னேன், மறுபடி தலையை ஆட்டினாள். அப்புறம் எழுந்து நின்று, கையை உயர்த்தி, வகுப்பில் நான் சொல்கிற அதே தொனியில், அதே ராகத்தில், "ஒன்ஸ் மோர்" என்றாள்.