பணம் கொடுத்த பிறகு கூப்பிடாதீர்கள்

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டுக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய வண்டிகளாக இருக்கும். ட்ரீம் க்ரூஸ் என்று 1995இலிருந்து நடக்கிறது. டிராய், நோவை பக்கத்து நம் ஆட்களும் மடக்கு நாற்காலி, புளியோதரை சகிதம் வந்து ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பழைய போன்டியாக் ஜிடிஓ உறுமிக்கொண்டு போகும். அவ்வளவுதான், ஆசை பிடித்துக்கொள்ளும். செப்டம்பர் பிறந்தால் என் போன் அடிக்கத் தொடங்கும். "அண்ணா, ஒரு வண்டி வாங்கிட்டேன். வந்து பார்த்துச் சொல்றீங்களா?"

வாங்கலாமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். பழைய வண்டிகளைச் சோதித்துச் சொல்வதுதான் எனக்குத் தொழில். ஆனால் என் வேலையில் பாதி துக்கம் விசாரிப்பதாகவே ஆகிவிட்டது.

இந்த வருடம் இது மூன்றாவது. டிராயில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. வண்டி செவர்லேயின் 1969 கமாரோ இசட்/28, கமாரோவிலேயே பந்தயத்துக்கென்று பிறந்த வகை. சிவப்பு உடம்பு, வெள்ளைக் கோடு. முழுக்கப் பிரித்து ரெஸ்டோர் செய்தது, 'நம்பர்ஸ் மேட்சிங்' என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். 78,000 டாலர். தம்பி நேரில் போய்ப் பார்த்தது இருட்டும் நேரத்தில், கராஜுக்குள், இன்ஜினை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்த நிலையில். (ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தால்தான் கோளாறு தெரியும்.) கேட்டதும் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்ற இந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குக் கொஞ்சம் கத்த வேண்டும்.

நம் ஆட்கள் நினைப்பது இதுதான்: வண்டியின் வின் நம்பரும் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) இன்ஜினில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்த அசல் இசட்/28. இதில் இரண்டு தப்பு இருக்கிறது. முதல் தப்பு, 1969 கமாரோவின் வின் நம்பர் அது இசட்/28ஆ இல்லையா என்று சொல்லவே சொல்லாது. 124379என் என்று தொடங்கினால் செவர்லே, வி8 கமாரோ, கூப்பே, 1969, ஒஹாயோவில் நார்வுட் தொழிற்சாலை. மிச்சம் வரிசை எண். முடிந்தது. அக்காலத்து இசட்/28 என்பது வாங்குகிறவர் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்துக்கொண்ட ஒரு ஆப்ஷன். பாட்டியம்மா கடைக்குப் போக வாங்கிய சாதாரண வி8 கமாரோவுக்கும் இதே 124தான்.

இரண்டாவது தப்பு பெரியது. இன்ஜினின் முன்பக்கம், வலதுபுற ஹெட்டுக்கு முன்னால், ஒரு சின்ன மட்டமான இடம் இருக்கும். பேட் என்போம். இன்ஜின் எந்தத் தொழிற்சாலையில் எந்தத் தேதியில் பூட்டப்பட்டது, எந்த வகை, எந்த வண்டிக்குப் போனது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் அடித்திருக்கும். 1969 இசட்/28இன் 302 கன அங்குல இன்ஜினுக்கு அந்த வகைக் குறி டிஇசட். சரி, அந்த எழுத்தை அங்கே அடிக்க என்ன வேண்டும்? எழுத்து உளி ஒரு செட், ஒரு சுத்தியல், மனசாட்சி இல்லாத ஒரு மதியம். 78,000 டாலர் வண்டியிலேயே மலிவாகப் போலி செய்யக்கூடிய இடம் அதுதான். நீங்கள் அதை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை அனுப்புகிறீர்கள்.

நம்பர் பொருந்துகிறது என்றால் நம்பர் பொருந்துகிறது, அவ்வளவுதான். இன்ஜின் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி.

தம்பியின் வண்டியை லிஃப்டில் ஏற்றும் முன் பானெட்டைத் திறந்து பேடில் டார்ச் அடித்தேன். தொழிற்சாலையில் அந்த இடத்தைச் சீவும்போது முன்பின்னாக மெல்லிய நேர்க்கோடுகள் விழும், சீப்பால் வாரியது போல. இவர் வண்டியில் அது இல்லை. தேய்ப்பு இயந்திரம் ஓடிய வட்டக் கீறல்கள், அதன் மேல் பளிச்சென்று டிஇசட். (பழைய இன்ஜினை முறையாகப் புதுப்பித்தாலும் அந்தக் கோடுகள் போய்விடுவது உண்டு. அதனால் இதை மட்டும் வைத்துத் திருட்டுப் பட்டம் கட்டிவிட மாட்டேன்.) அப்புறம் பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், கண்ணாடி வைத்து வார்ப்புத் தேதியைப் பார்த்தேன். எஃப் 18 9. ஏ என்றால் ஜனவரி, எஃப் என்றால் ஜூன். 1969 ஜூன் 18 அன்று இரும்பை உருக்கி ஊற்றிய பிளாக். இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும் தகட்டில் வண்டி கட்டப்பட்ட காலம் 03பி, அதாவது மார்ச் இரண்டாம் வாரம்.

ஜூனில் பிறந்த இன்ஜின் மார்ச்சில் வண்டி ஏறியிருக்கிறது!

அதே தகட்டில் எக்ஸ்44 என்றும் இருந்தது. அந்த மாதங்களில் நார்வுட்டில் கட்டிய இசட்/28 என்றால் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருக்க வேண்டும். 44 என்றால் ஒன்றுமில்லாத சாதாரண கமாரோ. இதில் கொடுமை, விற்றவர் அனுப்பிய படங்களில் அந்தத் தகடும் இருந்தது. மூன்று வாரமாகத் தம்பியின் போனிலேயே கிடந்திருக்கிறது. பின்சுவரில் ஏசிக்கான ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். 1969 இசட்/28க்கு ஏசியே கிடையாது, ஆட்டோமேட்டிக் கியரும் கிடையாது. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 305 கன அங்குல வரம்புக்குள் ஓடத்தான் அந்த 302 இன்ஜினே பிறந்தது. அதில் யார் ஏசி போடுவார்கள்?

அந்த வருடம் செய்த இசட்/28 மொத்தம் 20,302. இன்றைக்கு ஓடுகிற 'இசட்/28'களை எண்ணினால் அதைவிடக் கூடுதலாக வந்தாலும் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

க்ளோன் வண்டி, அதாவது சாதாரண வண்டியை இசட்/28 மாதிரி மாற்றியது, வாங்குவது பாவமில்லை. நானே ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் க்ளோனை க்ளோன் விலைக்கு வாங்குங்கள்.

எந்த வண்டிக்கு எந்தச் சாட்சி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோர்டு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: 1967 முதலான வண்டிகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம், தொழிற்சாலைப் பதிவிலிருந்தே வரும். போன்டியாக்குக்கு பிஎச்எஸ் என்ற பதிவுச் சேவை இருக்கிறது. 1964, 65 வண்டிகளின் வின் நம்பர் ஜிடிஓவா என்று சொல்லாது, அதனால் அது இல்லாமல் பேச்சே வேண்டாம். 1966 முதல் 1971 வரை ஜிடிஓ வின் நம்பர் 242 என்று தொடங்கும். கிரைஸ்லர் வண்டிகளில் வின் நம்பரே பேசும்: 1970 பிளிமத் 'குடா என்றால் ஐந்தாவது எழுத்து ஆர் ஆக இருந்தால்தான் 426 ஹெமி இன்ஜின். செவர்லேயில்தான் வம்பு. அமெரிக்காவில் விற்ற அக்கால செவர்லேக்களுக்கு வண்டி வாரியான அப்படியொரு பதிவு கிடையாது. ஷெவல் எஸ்எஸ்396 வின்னில் 1968 வரை 138 என்று தெரியும், 1969இலிருந்து அதுவும் இல்லை. எல்லோரும் ஆசைப்படும் 1970 ஷெவல் எஸ்எஸ் 454, அதிலும் 450 குதிரைசக்தி எல்எஸ்6 இன்ஜின் வண்டி, அதனால்தான் இவ்வளவு போலியாகிறது. பெட்ரோல் டேங்க் மேலேயோ சீட் ஸ்பிரிங்கிலோ செருகிக் கிடக்கும் பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன பூட்ட வேண்டும் என்ற தொழிற்சாலைத் தாள்) கிடைத்தால் நல்லது. அதையும் அச்சடிக்கிறார்கள், தேநீரில் முக்கிப் பழசாக்குகிறார்கள்.

ரெஸ்டோர் செய்த வண்டியில் இன்னொரு தொல்லை. ஓட்டி ஓட்டித் தேய்ந்த வண்டி தன் கதையைத் தானே சொல்லிவிடும். புதுப்பெயின்ட் அடித்த வண்டி வாயை மூடிக்கொள்ளும். அதனால் ரெஸ்டோர் செய்யும் முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். இரண்டு வருடம் ஒரு வண்டியோடு மல்லுக்கட்டியவரிடம் நூற்றுக்கணக்கில் படம் இருக்கும், நிறுத்தச் சொன்னாலும் காட்டிக்கொண்டே இருப்பார். "போன் தொலைந்துவிட்டது" என்றால் நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

பெயின்ட் கனம் பார்க்கும் கருவியை நான் எடுத்தாலே சில பேருக்கு முகம் மாறும். மறுபடி அடித்த பெயின்ட் என்றால் 300 மைக்ரான் காட்டும், பரவாயில்லை. 1000ஐத் தாண்டினால் அடியில் பட்டி. தம்பியின் வண்டியில் பின்கண்ணாடிக்குக் கீழ் மூலையில் 1,900. டிக்கியின் பக்கவாட்டுக் குழியில் விரலை வைத்து அழுத்தினேன், அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

வின் தகட்டின் ரிவெட்டைப் பாருங்கள். யாராவது கழற்றி மாட்டியிருந்தால் விலகுங்கள். கான்சாஸில் ஒருவர் 1959 கார்வெட் வாங்கினார். ரெஸ்டோர் செய்தபோது தகட்டைக் கழற்றி மாட்டியிருந்தார்கள் என்று 2017இல் போலீஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அதற்காகச் சட்டத்தையே 2022இல் திருத்த வேண்டியிருந்தது.

பகலில் போங்கள். இன்ஜினைத் தொடக் கூடாது, நான் வந்துதான் ஸ்டார்ட் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சோதனைக்கு நான் கேட்பது சில நூறு டாலர். என்னையே கூப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அட்வான்ஸ் அனுப்பும் முன் ஒரு போன் போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, இதை ஓட்டலாமா?" விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லையாம். டயரின் பக்கத்தில் கடைசி நான்கு எண்ணைப் பார்த்தேன். 3109. 2009ஆம் வருடம் 31ஆவது வாரத்தில் செய்த டயர், பூ இன்னும் புதுசாக இருக்கிறது, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள். ஃப்ரீவேயில் ஏறாதே, சனிக்கிழமை வா, முதலில் நாலு டயரையும் மாற்றுவோம் என்றேன். வருகிறேன் என்றிருக்கிறான்.