தேனீப் பெட்டி மானியம்: டெல்டாக்காரர்கள் தை மாதத்தைக் கேட்டு வாங்குங்கள்

நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. அதனாலேயே தேனீப் பெட்டிக்கு மானியம் என்றால், 'அதெல்லாம் மலைப்பக்கத்துக்கு' என்று தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கொல்லையில் படரும் பூசணியும் பீர்க்கும்? அவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைப் பூச்சி சுமந்து வந்தால்தான் பிஞ்சு நிற்கும். தென்னையிலும் எள்ளிலும்கூடத் தேனீ நடமாட்டம் இருந்தால் காய்ப்பு கூடும். பெட்டியின் முதல் வருமானம் இதுதான், தேன் அப்புறம்.

தோட்டக்கலைத் துறை வழியாகக் கிடைக்கும் மானியம், ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் கீழ் வருகிறது. 2014 நெறிமுறைப்படி பெட்டிக்கு 2,000 ரூபாய், அதில் குடியேற்றும் தேனீக் குடும்பத்துக்கு (ராணியோடு சேர்ந்த தேனீக் கூட்டத்துக்கு) 2,000 ரூபாய் என்று மதிப்பிட்டு, இரண்டிலும் 40 சதவீதம் தந்தார்கள். ஆக, ஒரு பெட்டிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து 1,600 ரூபாய். ஒருவருக்கு 50 தேனீக் குடும்பம் வரை. நெறிமுறை 2025இல் திருத்தப்பட்டுவிட்டது. பழைய தொகையை நம்பிக் கடன் வாங்காமல், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இந்த ஆண்டுத் தொகையையும் உங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு உண்டா என்பதையும் கேளுங்கள். ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல், போட்டோ ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் இரண்டாம் நடை மிச்சம். உழவன் செயலியிலும் பதியலாம்.

காதி கிராமத் தொழில் ஆணையம் 2017இல் தொடங்கிய தேன் இயக்கம் தனி. அதில் பயிற்சியோடு பெட்டியும் தருகிறார்கள்.

மானியத்தைவிட முக்கியம், பெட்டி எந்த மாதம் வீட்டுக்கு வருகிறது என்பது. ஐப்பசி அடைமழையில் வந்தால் தேனீக்கு வெளியே போகவும் வழியில்லை, போனாலும் பூ இல்லை. சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் குடும்பமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். அதனால் விண்ணப்பத்தை ஆவணிக்குள் கொடுத்துவிட்டு, தை பிறந்ததும் பெட்டி வேண்டும் என்று கேளுங்கள். அலுவலகத்துக்கு மார்ச்சுக்குள் இலக்கு முடிய வேண்டும், உங்களுக்கு எள் பூக்குமுன் பெட்டி வேண்டும். தேதி இருவருக்குமே ஒத்துவரும்.

பயிற்சி இல்லாமல் வாங்காதீர்கள். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரிக்கலாம். இத்தாலியத் தேனீயா, நம் அடுக்குத் தேனீயா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பெட்டி அளவு வேறு. பெட்டியை வைக்கும் தாங்கியின் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்காவிட்டால் எறும்பு முந்திக்கொள்ளும்.

பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உளுந்துக்கு மருந்தடிப்பதானால் பொழுது சாய்ந்து தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள். காலையில் அடித்தால் மானியத்தில் வந்த குடும்பம் மாலையில் பெட்டி வாசலில் செத்துக் கிடக்கும்.

தேன் எடுக்க அவசரம் வேண்டாம். தேனடையின் அறைகளில் முக்கால்வாசியாவது மெழுகால் மூடியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊர்க் காற்றே ஈரம். மூடாத அடையிலிருந்து எடுத்த தேன் பாட்டிலுக்குள் புளித்துப் பொங்கும்.